நோட்டுப் புத்தகமா, செயலியா, சென்சாரா? சாப்பாட்டைக் கவனிக்க எதில் தொடங்கலாம்

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு உடம்பைப் பற்றிய முதல் எச்சரிக்கை, அலுவலகம் ஆண்டுக்கொருமுறை ஏற்பாடு செய்யும் பரிசோதனையில்தான் வருகிறது. ஹெச்பிஏ1சி 5.9 என்று ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எண் அது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டுவிட்டால் நீரிழிவு. இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள் முயன்றால் திரும்பி வரக்கூடிய கட்டத்தில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதற்கு முந்தைய கட்டத்தில் நிற்பவர்கள் 13.6 கோடி என்று கணக்கிட்டது.

அறிக்கையைப் பார்த்ததும் எல்லோர் வாயிலும் வருவது ஒன்றுதான்: "நாளையிலிருந்து சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும்." எப்படிக் கவனிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் எனக்குத் தெரிந்தவர்கள் நான்கு வழிகளில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் நோட்டில் எழுதுகிறார்கள். சிலர் கைப்பேசியில் கலோரி கணக்கிடும் செயலியை வைத்திருக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் கையில் சர்க்கரை சென்சாரை ஒட்டிக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் நேராக உணவியல் நிபுணரிடம் போய்விடுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் நோட்டு, பிறகு அந்த நோட்டோடு நிபுணர். செயலியையும் சென்சாரையும் குறிப்பிட்ட ஒரு கேள்வி எழுந்தால் மட்டும், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். இதற்குக் காரணம் எளியது. எது நல்ல சாப்பாடு என்பது நம்மில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே தெரியும். கீரை நல்லது, பரோட்டா குறைவாக இருக்கட்டும் என்று சொல்ல யாரும் தேவையில்லை. நமக்குத் தெரியாதது, எந்த வேளையில், எந்த மனநிலையில், எதன் பின்னால் கை தட்டுக்குப் போகிறது என்பது. அதைக் காட்டும் கருவிதான் முதலில் வேண்டும்.

நோட்டிலிருந்து தொடங்குகிறேன். சாப்பிட்டதை மட்டும் எழுதினால் அது மளிகைப் பட்டியலோடு நின்றுவிடும். ஐந்து விவரம் வேண்டும்: நேரம், என்ன, எத்தனை கரண்டி, பசி பத்துக்கு எவ்வளவு, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. கடைசி இரண்டும்தான் உயிர். என்னோடு வேலை பார்க்கும் ஒரு தோழி தன் நோட்டின் ஒரு பக்கத்தை இங்கே எழுத அனுமதித்திருக்கிறார். அப்படியே தருகிறேன்.

"செவ்வாய். 7.15 காபி, சர்க்கரை 2 ஸ்பூன், பசி இல்லை, பழக்கம். 9.05 தர்ஷினி, காராபாத், வடை 1, நின்றுகொண்டே சாப்பிட்டேன், பசி 5. 11.30 காபி. 1.40 கேண்டீன், சாதம் இரண்டு முறை, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், பசி 8. 4.30 காபி, பிஸ்கட் 4, கூட்டம் முடிந்த எரிச்சல். 7.50 சில்க் போர்டு சிக்னலில் பஸ், ஒன்றும் சாப்பிடவில்லை, பசி 9. 8.40 வீடு, மிக்ஸர் இரண்டு கை, செருப்பைக் கழற்றும் முன்பே. 10.15 ஆர்டர் செய்த பிரியாணி, பசி 3, அம்மாவிடம் போனில் பேசி முடித்த பிறகு."

இந்தப் பக்கத்தை இன்னொரு முறை படியுங்கள். பிரியாணி தப்பு என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் பிரியாணி வந்த நேரத்தில் பசி 3 தான். பசி 9 ஆக இருந்தது இரவு 7.50-க்கு, பஸ்ஸில், கையில் எதுவும் இல்லாதபோது. அந்தப் பசியை மிக்ஸர் அரைகுறையாக அடக்கியது. பத்து மணிக்கு வந்த ஆசை வேறு எங்கிருந்தோ வந்தது. இரண்டு வாரப் பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆறரை மணிக்கு அலுவலகத்திலேயே எதையாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய நாட்களில் இரவு ஆர்டர் பெரும்பாலும் வரவில்லை என்று அவரே கண்டுபிடித்தார். இப்போது காலையில் ஒரு சின்ன டப்பாவில் சுண்டல் எடுத்து வருகிறார். கட்டுப்பாடு என்று அவர் எதையும் மேற்கொள்ளவில்லை. சாப்பிடும் நேரம் மட்டுமே மாறியது.

சர்க்கரைக் கணக்கும் அதே பக்கத்தில் இருக்கிறது. மூன்று காபி, தலா இரண்டு ஸ்பூன். ஒரு தேக்கரண்டி நான்கு ஐந்து கிராம் என்று வைத்தால் 24 முதல் 30 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த பரிந்துரை. காபியிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. பிஸ்கட் கணக்கு தனி.

இன்னொரு நோட்டையும் சொல்ல வேண்டும். உண்மையில் அது நோட்டே அல்ல. அல்சூரில் இருக்கும் என் பெரியம்மா பல வருடமாக நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் அன்றைய சாப்பாட்டையும் மறுநாள் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவையும் எழுதி, பழைய கடைகளில் ரசீது குத்தி வைப்பார்களே, அந்த மாதிரிக் கம்பியில் கோத்து வைத்திருக்கிறார். ஒரு நாள் மருத்துவர் அந்தக் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர், தாளின் முன்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். காலைச் சர்க்கரை எகிறியிருந்த தாள்களில் பாதிக்கு மேல் முன்பக்கத்தில் சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி என்று அச்சாகியிருந்தது. பகலெல்லாம் விரதம், இரவில் உப்புமாவும் கேசரியும் வாழைப்பழமும். "சாமிக்கு இருக்கும் விரதத்தை நான் குறை சொல்லவில்லை, அம்மா. விரதம் முடிக்கிற இலையை மட்டும் மாற்றுவோம்," என்றார். மாத்திரை போடுகிறவர் விரதம் இருக்கும் நாளில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும் ஆபத்தையும் அன்றுதான் எடுத்துச் சொன்னார். இப்படி ஒரு தொடர்பை எந்தச் செயலியும் காட்டியிருக்காது. ஏனென்றால் அதற்கு நம் காலண்டர் தெரியாது.

எழுதுவதற்குப் பலன் உண்டு என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் சுமார் 1,700 பேரை வைத்து நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் உணவுக் குறிப்பு எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். தினமும் எழுதும் பொறுமை உள்ளவர்கள் மற்ற விஷயங்களிலும் அக்கறையோடு இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். நோட்டின் குறைகளும் தெரிந்தவைதான். இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் பாதி மறந்துபோகும், மீதிப் பாதியை மனம் குறைத்துச் சொல்லும். கையைக் கழுவியதும் எழுத வேண்டும். முடியாவிட்டால் ஒரு புகைப்படமாவது எடுத்து வைக்க வேண்டும். புரதம் எவ்வளவு, இரும்புச் சத்து எவ்வளவு என்று நோட்டு சொல்லாது.

வீட்டில் சமைக்கும் பெண்களுக்கு நோட்டை நான் அழுத்திப் பரிந்துரைக்கிறேன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மூன்று மணிக்கு மேல் மிச்சமிருக்கும் சாதத்தைக் குழம்புச் சட்டியில் பிசைந்து நின்றபடியே சாப்பிடும் வழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது! காய் தீர்ந்திருக்கும், பருப்பு அடியில் கொஞ்சம் இருக்கும். கேட்டால் "நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்" என்றே பதில் வரும். ஒரு வாரம் எழுதிப் பார்த்தால், வீட்டில் எல்லோருக்கும் கிடைத்த பொரியல் சமைத்தவருக்கு மட்டும் கிடைக்காதது அவர் கண்ணிலேயே படும். இது அவர் தனியாகத் தீர்க்க வேண்டிய பிரச்சினை அல்ல. அந்த நோட்டை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும்.

அடுத்தது செயலி. இதற்கு ஒரு நல்ல பயன் உண்டு: எண்களில் நமக்கு இருக்கும் குருட்டுத்தனத்தை விரைவாகப் போக்கும். இந்தியர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் புரதம் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 0.83 கிராம், 60 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, இட்லிக்கு ஒன்றுக்கு 2 கிராம் அளவில்தான் தேறும் என்று திரையில் பார்க்கும்போது, காலையில் இட்லி, மதியம் சாதம், இரவு தோசை என்று ஓடும் நம் நாள் எங்கே தடுமாறுகிறது என்பது சட்டென்று புரியும். இந்தப் பாடத்துக்கு ஒரு வாரம் போதும்.

அதற்கு மேல் நம்பினால் சிக்கல். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் 528 உணவுப் பொருட்களுக்கான சத்து அட்டவணையை வெளியிட்டது. நம் நீலகிரிக் குன்னூரில் 1918-இல் சிறு ஆய்வுப் பிரிவாகத் தொடங்கிய நிறுவனம்தான் அது. அட்டவணை நம்பகமானது. ஆனால் அதில் இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருட்கள். தட்டுக்கு வரும் மசால் தோசை வேறு. கல்லில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினால் 120 கலோரி கூடும். பெங்களூர் பெண்ணெ தோசைக்கு வெண்ணெய் எவ்வளவு போகிறது என்பது கல்லின் முன் நிற்பவருக்குத்தான் தெரியும். "சாம்பார், 1 கிண்ணம்" என்று தேர்ந்தெடுக்கிறோம். எந்தக் கிண்ணம், பருப்பு எவ்வளவு, இங்குள்ள வழக்கப்படி வெல்லம் போட்டதா? திரை காட்டும் 1,643 என்ற எண்ணுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இரவு ஒன்பது மணிக்கு "இன்னும் 280 கலோரி மீதம் இருக்கிறது" என்று செயலி சொன்னால், பசியில்லாதவரும் எழுந்து எதையாவது எடுக்கிறார். பசியோடு இருப்பவர் "முடிந்துவிட்டது" என்று படுத்துவிடுகிறார். வயிறு சொல்ல வேண்டியதைத் திரை சொல்லத் தொடங்குகிறது. தன்னைத் தானே அறிந்துகொள்ளத்தான் இந்த முயற்சி என்றால் இது எதிர்த்திசை. சாப்பாட்டைப் பற்றி அச்சமோ குற்ற உணர்வோ முன்பே இருப்பவர்கள், சாப்பிடாமல் கிடப்பதும் பிறகு அளவின்றிச் சாப்பிடுவதுமாக அவதிப்பட்டவர்கள், கலோரி எண்ணும் வேலைக்கே போக வேண்டாம். வளரும் பெண் பிள்ளைகளின் கைப்பேசியில் இதை ஏற்றிக்கொடுக்காதீர்கள். இந்த விஷயத்தில் உதவி கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. நம் பெங்களூர் நிம்ஹான்ஸ்தான் அதன் தலைமை மையம், தமிழிலும் பேசலாம்.

சென்சாரைப் பற்றி இப்போது ஊரெல்லாம் பேச்சு. மேல் கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் சிறு வில்லை அது. மெல்லிய இழை தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே உள்ள திரவத்தின் சர்க்கரையை இரவும் பகலும் அளக்கும். பரவலாக விற்கும் வகை 14 நாள் உழைக்கும். விலை சில ஆயிரம் ரூபாய். இன்சுலின் போடுபவர்களுக்கு இது பெரிய வரம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மற்றவர்களுக்கும் இதில் ஒரு ஈர்ப்பு இருப்பது புரிகிறது. இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தார் 800 பேருக்குச் சென்சார் மாட்டி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவைச் சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறும் அளவு ஆளுக்கு ஆள் மாறியது. "என் உடம்புக்கு எது?" என்று கேட்கத் தோன்றுவது இயல்புதான்.

ஆனால் இந்தக் கருவிக்குத் தெரிந்தது சர்க்கரை ஒன்றுதான். எண்ணெய் வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். அதனால் வாழைப்பழத்துக்குக் கோடு மேலே ஏறும், மசால் வடைக்கு அவ்வளவாக ஏறாமல் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு வடையை நல்லதென்றும் பழத்தைக் கெட்டதென்றும் ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். அப்பளத்தின் உப்பும் ஊறுகாயின் எண்ணெயும் அந்தக் கோட்டில் தெரியாது. சென்சார் ஒட்டிய கையின் மேல் படுத்துத் தூங்கினால், அழுத்தத்தால் சர்க்கரை தாழ்ந்துவிட்டதாகப் பொய்யாகக் காட்டும். சாப்பிட்டபின் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குவது ஆரோக்கியமான உடம்பிலும் நடப்பதுதான். மருத்துவர் சொன்னால் மாட்டுங்கள். ஆர்வத்துக்காக என்றால் அந்தப் பணத்தை நிபுணரிடம் கொடுக்கலாம்.

நிபுணர் என்று சொல்லும்போது யார் என்பதில் கவனம் வேண்டும். ஊட்டச்சத்துத் துறையில் முறையாகப் படித்தவரா, மருத்துவமனையில் பயிற்சி பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே டப்பா பவுடரை விற்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளின் நீரிழிவுப் பிரிவில் உணவு ஆலோசகர் இருக்கிறாரா என்று விசாரித்துப் பார்ப்பதும் நல்லது, பணம் மிச்சமாகும். நல்ல நிபுணர் உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள், காய் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்பார். இந்த ஊரில் தமிழ் பேசும் நிபுணர்கள் நிறையவே கிடைப்பார்கள். சமைப்பவர் மாமியாரோ அம்மாவோ என்றால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அலுவலகம் போகும் மகன் ஆங்கிலத்தில் வாங்கி வந்த உணவுப் பட்டியல் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியபடியே மங்கிப்போவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறோம்.

வெறுங்கையோடு போனால் நிபுணர் ஊகத்தில்தான் பேச முடியும். எல்லோருக்கும் தரும் ஓட்ஸும் சாலடும் உங்களுக்கும் வரும். இரண்டு வார நோட்டோடு போனால் பேச்சே மாறிவிடும். ஓட்ஸ் எதற்கு, இங்கே தெருவுக்குத் தெரு ராகி கிடைக்கிறது, களியை அளவாகச் சாப்பிட்டுக் கீரையைக் கூட்டலாம் என்று பேசலாம். டிசம்பர், ஜனவரியில் குவியும் அவரைப் பருப்பை எப்படிப் புரதமாகச் சேர்க்கலாம், ஹாப்காம்ஸ் கடையில் வாரம் இருமுறை காய் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று திட்டமிடலாம்.

எழுதவும் மாட்டேன், எண்ணவும் மாட்டேன் என்பவர்களுக்குத் தட்டு ஒன்று போதும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி தட்டில் பாதி காயும் பழமும் இருக்க வேண்டும்; ஒரு நாளைக்கு 500 கிராம். உப்பு 5 கிராமுக்குள். காயையும் புரத உணவையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் எடுத்துக்கொண்டபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைந்ததாக 2015-இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியிருக்கிறது. சாதம் வருவதற்கு முன் பொரியலையும் சுண்டலையும் முடித்துவிடுவதில் செலவு ஒன்றும் இல்லையே. ஆனால் இந்த வழி தட்டில் இருப்பதைத் திருத்தும். பத்து மணி பிரியாணி ஏன் வந்தது என்று சொல்லாது.

ஆகவே ஆளைப் பொறுத்துப் பிரித்துச் சொல்கிறேன். தனியாகத் தங்கும் விடுதிவாசி நோட்டில் தொடங்கி, ஒரே ஒரு வாரம் செயலியில் புரதத்தைப் பார்க்கட்டும். குடும்பத்தோடு இருப்பவர் சமைப்பவரையும் சேர்த்து நோட்டு எழுதி, ஒருமுறை நிபுணரைப் பார்க்கட்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் எந்த உணவையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்டபின்தான் எந்த மாற்றமும். கர்ப்பிணிகளுக்கும் அப்படியே.

ஹெச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், அவசரப்பட்டு அடுத்த மாதமே எடுத்தால் பழைய சாப்பாட்டின் கணக்குதான் பெரும்பாலும் தெரியும். இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். பெண்கள் ஹீமோகுளோபினையும் சேர்த்தே பார்ப்பது நல்லது. அந்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு வாரமும் நோட்டில் எழுதுங்கள். எண் இறங்கியிருந்தாலும் இறங்காவிட்டாலும், இரண்டையும் ஒன்றாக மருத்துவரின் மேசையில் வைத்துப் பேசலாம்.